ஆர்எச்5, ஏஎம்ஏ1 ஆன்டிபாடி: எலைசாவில் உச்சம், மீரோசோயிட்டைத் தடுப்பதில் ஒன்றுமில்லை. எங்கே பிழை?

குருதித்துளி (கேள்வி)

மலேரியா ஒட்டுண்ணி பிளாஸ்மோடியம் ஃபால்சிபரம் சிவப்பணுவுக்குள் நுழைவதை ஆன்டிபாடி எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் சோதனை (ஜிஐஏ). முயலில் எழுப்பிய இரண்டு சீரம்: ஒன்று ஆர்எச்5-க்கு, இன்னொன்று ஏஎம்ஏ1-க்கு (3டி7 என்ற ஒட்டுண்ணி வகையின் வரிசை). இரண்டும் நுழைவுக்கு உதவும் ஒட்டுண்ணிப் புரதங்கள்; நுழையும் வடிவம்தான் மீரோசோயிட். இரண்டு புரதமும் ஈ.கோலையில் செய்தவை. எலைசாவில் (ஆன்டிபாடி புரதத்தில் ஒட்டுவதை நிறத்தால் காட்டும் சோதனை) 50,000 மடங்கு நீர்த்தாலும் நிறம் வருகிறது.

செய்முறை: ஓ பாசிட்டிவ் சிவப்பணு, ஆர்பிஎம்ஐ 1640 + அல்புமேக்ஸ், ஹெமடோக்ரிட் (சிவப்பணுவின் பங்கு) 2%. சார்பிட்டால் கொடுத்து ரிங் நிலையில் (நுழைந்தவுடனான இளம் வடிவம்) ஒத்திசைத்து, 1% தொற்றில் தொடக்கம். சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, பத்தில் ஒரு பங்காகக் கலந்து, 48 மணி நேரம் கழித்து ஜீம்சா ஸ்லைடில் 1000 செல் எண்ணுகிறோம்.

முடிவு: ஏஎம்ஏ1 சீரம் 3டி7-ஐ 40% தடுக்கிறது, டிடி2 என்ற இன்னொரு வகையை 10% கூட இல்லை. ஆர்எச்5 சீரம் இரண்டிலும் கிட்டத்தட்ட சுழியம். சில குழிகளில் கண்ட்ரோலைவிட ஒட்டுண்ணி அதிகம்! ஊசியே போடாத முயலின் சீரமோ 30% தடுக்கிறது.

பிழை சோதனையிலா, ஆன்டிபாடியிலா? நுழைவின் எந்தப் படியில் தடை விழுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

ஆய்வுமேசை

முதலில் அந்த 30%-ஐப் பாருங்க. ஊசி போடாத முயல் தடுக்குதுன்னா உங்க 40%-ல எவ்வளவு உண்மைன்னே சொல்ல முடியாது. முயல் சீரத்தில் மனிதச் சிவப்பணுவுக்கு எதிரான ஆன்டிபாடி இயல்பாவே கொஞ்சம் இருக்கும். அது செல்லைக் கொத்தாச் சேர்த்துடும். குழியின் அடியில் பாருங்க, சீரான பொட்டுக்குப் பதிலா துணுக்குத் துணுக்கா இருந்தா அதுதான் கதை.

இந்தச் சோதனைக்குச் சீரம் ஆகாது, அதிலுள்ள ஐஜிஜி-யை (முக்கிய ஆன்டிபாடி வகை) மட்டும் பிரிக்கணும். புரோட்டீன் ஜி நிரப்பிய பிரிகுழாயில் (column) ஏற்றி எடுத்து, ஆர்பிஎம்ஐ-க்கு டயாலிசிஸ் பண்ணி, செறிவூட்டி, அடைத்த ஓ பாசிட்டிவ் சிவப்பணுவை 20-ல் ஒரு பங்கு சேர்த்து அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் சுழல விட்டு, செல்லை இறக்கி, 0.22 மைக்ரான் வடிகட்டி வழியா எடுங்க. கொத்துச் சேர்வது நிற்கலைன்னா இன்னொரு முறை. எங்கேயாவது சோடியம் அசைடு சேர்த்திருந்தா டயாலிசிஸ்ல கஞ்சத்தனம் வேண்டாம். அது ஒட்டுண்ணியை நேரடியாவே கொல்லும், நீங்க ஆன்டிபாடி வேலை செய்யுதுன்னு நினைச்சுக்குவீங்க.

அளவும் போதாது. முயல் சீரத்தில் மொத்த ஐஜிஜி ஏறக்குறைய மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்காக்கினா 1 மில்லிகிராம்தான். ஜிஐஏ-வை வழக்கமா 10 மில்லிகிராமில் தொடங்கி, பாதி பாதியாக் குறைச்சு வளைகோடு வரைவாங்க. எலைசாவுக்கு நானோகிராம் போதும். ஒட்டுண்ணியை மறிக்க அந்தப் புரதத்துக்கென்றே உள்ள ஆன்டிபாடி பல பத்து, சில நூறு மைக்ரோகிராம் வேண்டியிருக்கும். ஆக 50,000 மடங்குங்கறது இங்கே ஒன்றும் சொல்லாது.

அடுத்தது நேரம். ரிங்கில் தொடங்கினா நுழைவு நடக்குற நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 மணி நேரம் முன்னாடியே ஆன்டிபாடி ஊற்றியாச்சு. அவ்வளவு நேரமும் சீரத்தின் மற்ற நஞ்சுகள் வளர்ச்சியைத் தொடும். 36-லிருந்து 40 மணி வயதுள்ள டிராஃபோசோயிட்டில் (ரிங்குக்கு அடுத்த, வளர்ந்த வடிவம்) தொடங்குங்க. 0.3% தொற்று, 1% ஹெமடோக்ரிட், அரைப்பரப்புக் குழித்தட்டில் மொத்தம் 40 மைக்ரோலிட்டர். நீங்க வைக்கிற 1% ஒரே சுற்றில் 6%, 7% ஆகும். சின்னக் குழியில் அத்தனை ஒட்டுண்ணி இருந்தா ஊட்டம் தீர்ந்து அமிலம் ஏறி, தடுத்த குழிக்கும் தடுக்காத குழிக்கும் வித்தியாசம் மழுங்கிடும்.

கண்ட்ரோலைவிட அதிகமான குழிகள் தட்டின் ஓரத்திலா இருக்கு? அப்படின்னா ஆவியாதல். ஓரக் குழிகளில் வெறும் நீர் ஊற்றி, சோதனையை உள்ளே வையுங்க. நடுவிலேயும் வந்தா, அல்புமேக்ஸ் மட்டும் குடிச்சு வந்த ஒட்டுண்ணிக்கு முயல் சீரம் விருந்தாப் போயிருக்கும்.

எண்ணுவது பற்றி: 1000 செல்லில் 50 தொற்று இருந்தா எண்ணிக்கைப் பிழை மட்டுமே 7 கூடக் குறைய, அதாவது 14%. 10% தடுப்பைப் பற்றிப் பேசவே முடியாது. ஒன்று, சைபர் கிரீன் சாயம் போட்டு ஃப்ளோ சைட்டோமீட்டரில் 50,000 செல். இல்லைன்னா 40 மணியில் ஒட்டுண்ணியின் எல்டிஎச் நொதியை அளந்து 650 நானோமீட்டரில் படிக்கிறது. அதற்கு இரண்டு எல்லையும் தேவை: தொற்றில்லாத சிவப்பணு, ஆன்டிபாடி இல்லாத ஒட்டுண்ணி. முழுத் தடுப்புக்கு 5 மில்லிமோலார் ஈடிடிஏ ஊற்றின குழி.

எல்டிஎச்-ல ஒரு பொறி இருக்கு. எடுக்கும்போது ஒட்டுண்ணி இரண்டாம் சுற்றின் டிராஃபோசோயிட்டா இருக்கணும். ரிங்கில் நொதி குறைவு. அதையும் தாண்டி வெடிச்சிட்டா நொதி மேல்நீரில் போய், கழுவும்போது சாக்கடைக்குப் போயிடும். உங்க கல்ச்சர் 48 மணிச் சுற்றா, 44-ஆ என்று அளந்துட்டு நேரம் குறியுங்க.

---

நுண்நோக்கி63

எந்தப் படியில் தடை என்பதற்கு உயிருள்ள செல்லைப் படம் பிடிப்பதே நேர்வழி. நுழைவின் வரிசை தெரிந்தால் படம் தானே பேசும்.

மீரோசோயிட் ஒன்றரை மைக்ரான் நீளமுள்ள முட்டை வடிவம். ஷைசோன்ட் (மீரோசோயிட்கள் நிறைந்த முதிர்ந்த வடிவம்) வெடித்து 16 முதல் 32 வரை வெளியே தெறிக்கும். சிவப்பணுவில் எந்தப் பக்கமாகவும் ஒட்டும். ஒட்டிய சில நொடிகளில் சிவப்பணு அதைச் சுற்றிக் குழைந்து மடியும். ஈபிஏ, ஆர்எச் குடும்பப் புரதங்கள் ஏற்பிகளைப் பற்றுவது இந்தக் கட்டத்தில். பிறகு கூர்முனை செல்லை நோக்கித் திரும்பும். முனை ஒட்டியதும் ஆர்எச்5, சிவப்பணுவின் பேசிஜின் என்ற ஏற்பியைப் பற்றும். அடுத்து ராப்ட்ரி என்ற உறுப்பிலிருந்து ஆர்ஓஎன் புரதங்கள் சிவப்பணுச் சவ்வுக்குள்ளேயே செலுத்தப்படுகின்றன. அதில் ஆர்ஓஎன்2-வை, மீரோசோயிட்டின் மேலுள்ள ஏஎம்ஏ1 பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்காரர் சுவரில் தானே ஆணி அடித்து, தானே கயிறு மாட்டி ஏறுகிற வேலை. பூட்டு விழுந்தபின் ஆக்டின்-மயோசின் மோட்டார் இழுக்க, உள்ளே போய்விடும். தொட்டதிலிருந்து முழுதாக நுழையும் வரை சராசரியாக அரை நிமிடம்தான். அதன்பின் சிவப்பணு முள்முள்ளாகச் சுருங்கி, 5 முதல் 11 நிமிடத்தில் பழைய வடிவத்துக்கு வரும்.

ஃப்ளுவோ-4 சாயம் ஏற்றிய சிவப்பணுவை வைத்துப் பாருங்கள். ஆர்எச்5-பேசிஜின் பிணைப்பு விழும் இடத்தில் கால்சியம் பளிச்சென்று ஒரு புள்ளியாகத் தெரியும். இதை வைத்துப் பிரிக்கலாம்:

ஹெபாரின் ஊற்றினால் ஒட்டுதலே குறையும், குழைவும் இருக்காது. ஆர்எச்5 அல்லது பேசிஜினைத் தடுத்தால் ஒட்டும், குழையும், ஆனால் கால்சியப் புள்ளி வராது, முள்சுருக்கமும் வராது. ஏஎம்ஏ1-ஆர்ஓஎன்2 பிணைப்பை ஆர்1 பெப்டைடால் தடுத்தால் புள்ளி வரும், செல் முள்ளாகச் சுருங்கும், உள்ளே மட்டும் போகாது. கடைசியில் கழன்று விழும். சைட்டோகலாசின் டி போட்டால் குழைவு இல்லை, ஆனால் முனை பூட்டிக்கொண்டு வெளியிலேயே நிற்கும், செல் சுருங்கும்.

உங்கள் ஆன்டிபாடியை இந்த நான்கோடும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நிகழ்வு போதாது. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 20, 30 வெடிப்பு பதிவாக வேண்டும். மேடையும் லென்ஸும் 37 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்தால் வெடிப்பும் குறையும், நுழைவும் குறையும், பழி ஆன்டிபாடி மேல் விழும். வெடிப்பை ஒரே நேரத்துக்குக் கொண்டுவர எம்எல்10 போன்ற பிகேஜி (வெடிப்புக்குத் தேவையான நொதி) தடுப்பானில் ஷைசோன்ட்டை முதிரவிட்டு, கழுவி எடுத்தால் சில பத்து நிமிடங்களுக்குள் வெடிக்கும். கழுவியபின் கணக்கு நிமிடத்தில்தான்: வெளியே வந்த மீரோசோயிட் 37 டிகிரியில் பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் வீரியம் இழந்துவிடும்.

---

குருதித்துளி

நன்றி. கொத்துச் சேர்வது உண்மைதான், இன்று குழிகளைப் பார்த்தேன். ஒரு கூடுதல் தகவல்: ஒட்டுண்ணிச் சாற்றில் வெஸ்டர்ன் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பார்ப்பது) போட்டதில் ஆர்எச்5 சீரம் 63 மற்றும் 45 கிலோடால்டனில் தெளிவான பட்டை தருகிறது. அப்படியென்றால் ஆன்டிபாடி சரியானதைத்தானே பிடிக்கிறது?

---

மடிப்புக்கணக்கு

பட்டையின் இடம் சரி. முழுப்புரதம் 63, வெட்டுப்பட்டது 45. ஆனால் அந்த ஜெல் எப்படி ஓடியது? டிடிடி (டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் பொருள்) சேர்த்துக் கொதிக்க வைத்த மாதிரி என்றால், உங்கள் ஆன்டிபாடி அவிழ்ந்துபோன புரதத்தைப் பிடிக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மீரோசோயிட்டின் மேல் அவிழ்ந்த ஆர்எச்5 கிடையாது.

ஒரே தட்டில் இரண்டு விதமாக எலைசா போடுங்கள்: பாதிக் குழிகளில் புரதத்தை அப்படியே, மீதியில் டிடிடி கொடுத்து அயோடோஅசிட்டமைடால் மூடிய புரதம். இரண்டிலும் ஒரே அளவு சிக்னல் வந்தால் உங்கள் சீரம் பெரும்பாலும் நேர்கோட்டுத் துண்டுகளை அடையாளம் காண்கிறது. தடுக்கும் ஆன்டிபாடி என்றால் டிடிடி பக்கம் சிக்னல் நன்றாகக் குறைய வேண்டும். ஏஎம்ஏ1-க்கு இது இன்னும் கறார்: வெளிப்பகுதியில் எட்டு டைசல்ஃபைடு பிணைப்பு. அவற்றை உடைத்த புரதத்தை ஊசி போட்டால் வரும் ஆன்டிபாடி நுழைவைத் தடுப்பதில்லை. உங்களுக்கு 3டி7-ல் ஏதோ தடுப்பு வந்திருப்பதால் ஏஎம்ஏ1 ஓரளவு சரியாக மடிந்திருக்கலாம். ஈ.கோலையில் செய்து மறுபடி மடித்த ஏஎம்ஏ1 தடுப்பூசிச் சோதனை வரைக்கும் போயிருக்கிறது, ஆகவே பாக்டீரியா மேல் மட்டும் குற்றமில்லை. ஆர்எச்5 அப்படி எளிதில் வழிக்கு வராது. தடுப்பூசிக்கான ஆர்எச்5.1 புரதத்தை டிரோசோபிலா ஈயின் எஸ்2 செல்லில் செய்வது சும்மா ஆடம்பரத்துக்கு இல்லை.

மடிந்ததா என்று பார்க்க பேசிஜினோடு ஒட்டுகிறதா என்று சோதிப்பீர்கள். அங்கே ஒரு எச்சரிக்கை: பிணைப்பு பலவீனமானது, ஏறக்குறைய 1 மைக்ரோமோலார். ஒற்றை மூலக்கூறாக விட்டால் கழுவும்போதே போய்விடும். "ஒட்டவில்லை, எனவே கெட்டுவிட்டது" என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஐந்தைந்தாகக் கட்டிய பெண்டமர் வடிவில் வைத்தோ, பிணைப்பை நேரடியாக அளக்கும் எஸ்பிஆர் கருவியிலோ பாருங்கள். 2011-ல் இந்த ஜோடியைக் கண்டுபிடித்ததே பெண்டமர் உத்தியால்தான்.

ஒட்டும் இடம் சரியாக இருந்தாலும் வேகம் வேண்டும். ஆர்எச்5 வெளியே தலை காட்டும் நேரம் மிகக் குறுகியது. ஆன்டிபாடி எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துவைக்கிறது என்பதைவிட எவ்வளவு விரைவாகப் போய்ப் பிடிக்கிறது என்பதுதான் தடுப்போடு ஒத்துப்போகிறது. இதில் விசித்திரமானது ஆர்5.011 என்ற மனித மோனோகுளோனல். தனியாகப் போட்டால் தடுப்பதே இல்லை. ஆனால் நுழைவை இழுத்தடிக்கிறது. அந்த இடைவெளியில் மற்ற ஆன்டிபாடிகள் வந்து வேலையை முடிக்கின்றன. மோனோகுளோனல்களைத் தனித்தனியாக மட்டும் சோதித்துக் கழித்துக்கட்டினால் இப்படிப்பட்டவை கையைவிட்டுப் போகும்.

---

நான்காம்வாசல்

டிடி2-வில் ஏஎம்ஏ1 தோற்பது வேறு காரணம். ஏஎம்ஏ1-ல் ஆளுக்கு ஆள் மாறும் அமினோ அமில இடங்கள் நூறைத் தாண்டும். 3டி7-ஐக் காட்டிப் பழக்கிய ஆன்டிபாடிக்கு டிடி2-வின் முகம் பிடிபடாது. மாலியில் குழந்தைகளிடம் 3டி7 வரிசை ஏஎம்ஏ1 தடுப்பூசியைச் சோதித்து 2011-ல் வெளிவந்த முடிவு இதையே காட்டியது: மொத்தப் பாதுகாப்பு 17.4%, புள்ளியியல்படி தேறவில்லை. தடுப்பூசியை ஒத்த ஒட்டுண்ணிக்கு எதிராக மட்டும் 64.3%. ஆர்எச்5 அவ்வளவு மாறுவதில்லை, அது இல்லாமல் ஒட்டுண்ணியால் வாழவும் முடியாது. அதனால்தான் எல்லாரும் அதன் பின்னால் போகிறார்கள். ஆகவே ஆர்எச்5 சீரம் இரண்டு வகையிலும் ஒரே மாதிரித் தோற்றதை வகை வேறுபாட்டின் கணக்கில் எழுத முடியாது. மேலே மடிப்புக்கணக்கு சொன்னதுதான் முதல் சந்தேகம்.

பின்னாடி ஈபிஏ-175 சீரத்துக்கும் இதே சோதனை வைப்பீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒட்டுண்ணிக்கு ஒரு வாசல் இல்லை. ஈபிஏ-175 கிளைக்கோஃபோரின் ஏ-யின் சயாலிக் அமிலம் வழி, ஈபிஏ-140 கிளைக்கோஃபோரின் சி வழி, ஆர்எச்4 சிஆர்1 வழி. ஒன்றை அடைத்தால் அடுத்ததைத் தட்டும். 3டி7 சயாலிக் அமிலம் இல்லாமலே சமாளிக்கும். டிடி2 அதை நம்பியே இருக்கிறது, ஆனால் அதையும் நியூராமினிடேஸ் (சயாலிக் அமிலத்தை வெட்டியெடுக்கும் நொதி) கொடுத்த செல்லில் விடாமல் வளர்த்தால் ஆர்எச்4-ஐ முடுக்கிவிட்டு வழி மாற்றிக்கொள்ளும். ஒரு வாசலை மூடிப் பார்க்க, விப்ரியோ காலரேயின் நியூராமினிடேஸில் சிவப்பணுவை 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து மூன்று முறை கழுவி எடுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். நியூராமினிடேஸ் பட்ட செல்லில் டி (T) ஆன்டிஜென் வெளியே வந்துவிடும். அதற்கெதிரான ஆன்டிபாடி சாதாரணச் சீரத்திலேயே உண்டு, பிளாஸ்மா சேர்த்த ஊடகத்தில் போட்டால் கொத்தாகிவிடும். அல்புமேக்ஸில் தொல்லை இல்லை. (வேர்க்கடலை லெக்டின் போட்டு அந்தச் செல் கொத்தானால் நொதி வேலை செய்தது உறுதி.) இரண்டாவது, ஷைசோன்ட்டோடு கூடவே வரும் நொதி படாத செல்கள். மீரோசோயிட் போய் அதில் உட்கார்ந்துகொள்ளும், உங்களுக்குத் தடுப்பு குறைவாகத் தெரியும். பெர்கால் 60-65% அல்லது காந்தப் பிரிகுழாயில் ஷைசோன்ட்டைப் பிரித்துச் சேருங்கள், அல்லது நொதி பட்ட செல்லுக்குச் சாயமிட்டு அதை மட்டும் எண்ணுங்கள்.

---

தும்பைப்பூ

இடையில் ஒரு சிறு கேள்வி. மலேரியா தடுப்பூசிதான் வந்துவிட்டதே, அது இந்த நுழைவைத் தடுப்பதில்லையா? டி செல்கள் தொற்றிய சிவப்பணுவைக் கொல்லாதா?

---

நுண்நோக்கி63

ஆர்டிஎஸ்,எஸ் (உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை 2021 அக்டோபர்), ஆர்21 (2023 அக்டோபர்) இரண்டும் ஸ்போரோசோயிட்டின் சிஎஸ்பி புரதத்துக்கு எதிரானவை. கொசுவிலிருந்து கல்லீரல் போகும் வழியில் மறிப்பவை. தப்பி இரத்தத்துக்கு வந்த மீரோசோயிட்டை அவை தொடாது. ஆர்எச்5.1-ஐ புர்கினா ஃபாசோவின் நனோரோவில் 5-17 மாதக் குழந்தைகளிடம் சோதித்தார்கள்: மூன்றாம் ஊசியைத் தள்ளிப் போட்ட குழுவில் 55% பாதுகாப்பு, மாதம் ஒன்றாகப் போட்டதில் 40%.

டி செல்: முதிர்ந்த சிவப்பணுவுக்குக் கருவும் இல்லை, எம்எச்சி வகை 1-உம் இல்லை. சிடி8 செல்லுக்குக் காட்ட அதனிடம் அடையாள அட்டையே கிடையாது. ஒட்டுண்ணி ஒளிய இந்த வீட்டைத் தேர்ந்ததில் அர்த்தம் இருக்கிறது. இன்னொரு மலேரியா ஒட்டுண்ணியான வைவாக்ஸ் புகும் ரெட்டிகுலோசைட்டில் (இளம் சிவப்பணு) மட்டும் எம்எச்சி மிச்சம் இருக்கிறது. சிடி8 செல் அதைக் கொல்வதை 2018-ல் காட்டினார்கள். நம் சென்னையில் காலங்காலமாக இருந்துவருவது பெரும்பாலும் வைவாக்ஸ்தான். அதைத் தொடர்ந்து வளர்க்கும் கல்ச்சர் இல்லாததால் இந்த ஜிஐஏ-வை அப்படியே அதற்கு மாற்ற முடியாது.

---

வெள்ளணு

ஒன்று எல்லாரும் விட்டுவிட்டீர்கள். 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்தபோதே காம்ப்ளிமென்ட் (ஆன்டிபாடிக்குத் துணைபோகும் இரத்தப் புரதங்கள்) செத்துப்போனது. மேலே சொன்னபடி ஐஜிஜி-யைப் பிரித்தாலும் அது கூட வராது. எனவே ஜிஐஏ-வில் நீங்கள் பார்ப்பது ஆன்டிபாடி தனியாக, வெறுங்கையால் மறிப்பதை மட்டும்தான். உடம்பில் அப்படி இல்லை. மீரோசோயிட்டில் அமர்ந்த ஆன்டிபாடி காம்ப்ளிமென்ட்டின் சி1க்யூ-வை இழுத்து, அது ஒட்டுவதையே இன்னொரு பங்கு தடுக்கிறது. மோனோசைட் விழுங்குகிறது, நியூட்ரோஃபில் ஆக்சிஜன் வெடிப்பால் தாக்குகிறது. எம்எஸ்பி வகைப் புரதங்களுக்கு (மீரோசோயிட்டின் மேற்பரப்பில் இருப்பவை) எதிரான ஆன்டிபாடி ஜிஐஏ-வில் தோற்று இங்கே ஜெயிப்பது உண்டு.

ஒட்டுண்ணியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. மீரோசோயிட்டின் பிஎஃப்92 மனிதனின் ஃபேக்டர் எச்-ஐப் பிடித்துப் போர்த்திக்கொண்டு காம்ப்ளிமென்ட்டைத் தணிக்கிறது. செல்லுக்குள் போனபின் பிஎஃப்ஈஎம்பி1 என்ற மேற்பரப்புப் புரதத்தை ஏறக்குறைய 60 வார் மரபணுக்களில் ஒன்றொன்றாக மாற்றிக் காட்டுகிறது. சில ரிஃபின் புரதங்கள் எல்ஐஎல்ஆர்பி1 என்ற அமைதிப்படுத்தும் ஏற்பியை அழுத்தி, பி செல்லையும் என்கே செல்லையும் சும்மா இருக்கச் சொல்கின்றன.

உங்களுக்கான நடைமுறை: அதே ஐஜிஜி-யை மலேரியாவே பாராத ஒருவரின் புதிய சீரத்தோடும், அதே சீரத்தைச் சூடாக்கியும், பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். சீரத்தைப் பிரித்த அன்றே சிறு பங்குகளாக மைனஸ் 80-ல் வையுங்கள், ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள். ஹெபாரின் குழாயில் இரத்தம் எடுத்துவிடாதீர்கள்; அந்த ஹெபாரினே நுழைவைத் தடுத்து முடிவைக் கெடுக்கும். ஈடிடிஏ குழாய் காம்ப்ளிமென்ட்டையே கட்டிப்போடும். வெறும் குழாயில் உறையவிட்டு எடுத்த சீரம்தான் சரி.

---

குருதித்துளி

புரிந்தது. வரிசை இப்படி வைத்திருக்கிறேன்: முதலில் டிடிடி எலைசா. ஆர்எச்5 அதில் தேறாவிட்டால் ஜிஐஏ-வில் நேரம் வீணாக்காமல் புரதத்தை வேறு செல்லில் செய்வது. ஏஎம்ஏ1-க்கு ஐஜிஜி பிரித்து, செல்லில் உறிஞ்சவிட்டு, 10 மில்லிகிராமிலிருந்து வளைகோடு, 3டி7-ல் மட்டும். பிறகே காம்ப்ளிமென்ட். எத்தனை விழுக்காடு தடுத்தால் "வேலை செய்கிறது" என்று எழுதலாம்?

---

ஆய்வுமேசை

ஒரே எண்ணாக எழுதாதீங்க, 50% தடுக்கத் தேவைப்படுற செறிவை எழுதுங்க. ஆட்டஸ் குரங்குகளில் ஆர்எச்5 தடுப்பூசி ஆய்வில், மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் ஐஜிஜி-யில் 60%-க்கு மேல் தடுத்த குரங்குகள் பாதுகாப்பா இருந்தன. அந்த எண்ணை அந்தச் செறிவோடு சேர்த்துத்தான் சொல்லணும். 10 மில்லிகிராமில் வந்த 60%-ஐ அதுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது.

கண்ட்ரோல் ஐஜிஜி அதே முயலிலிருந்து, முதல் ஊசிக்கு முன்னால் எடுத்த இரத்தத்திலிருந்து வரணும். அதை எடுத்து வைக்கலைன்னா அட்ஜுவன்ட் (எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள்) மட்டும் போட்ட வேறொரு முயல். இரண்டையும் அதே நாளில், அதே பிரிகுழாயில், அதே அளவு சிவப்பணுவில் உறிஞ்சவிட்டு எடுங்க. ஒன்றை மட்டும் இரண்டு முறை உறிஞ்சவிட்டா, தட்டில் தெரியுற வித்தியாசம் அதனாலேயே வந்திருக்கலாம்.